பேர் வாங்கிய இலை

ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும். காய் மட்டும் கணுக்கால் உயரத்தில் காய்க்கும். போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று விரியும் ஏலமலையில் வேலை செய்பவர்களின் இடுப்பு வலியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தாவரவியல் உண்மையிலிருந்து தொடங்குவதே நல்லது. எட்டடி, பத்தடிக்குத் தட்டைகள் நிமிர்ந்து நிற்க, அடித்தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் மண்ணை ஒட்டிப் படர்ந்து கிடக்கின்றன. ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, முற்றிய காய் மூன்றும் இருக்கும். ஆகவே மொத்தமாக உருவிவிட முடியாது. முற்றியதை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும், ஒரு மாதம் போலக் கழித்து அதே தூருக்குத் திரும்பி வந்து மறுபடியும் கிள்ள வேண்டும். போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து விடிவதற்குள் ஜீப் ஏறிப் போகும் பெண்கள்தான் இந்தக் காயெடுப்பில் பெரும்பங்கு. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே; இடுப்பு மடிந்து, முகம் முழங்காலுக்குப் பக்கத்தில்; மழைக்கு முதுகில் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டைப்பூச்சி. நிமிர்ந்தால் ‘உஸ்’ என்று ஒரு மூச்சு. அப்புறம் அடுத்த தூர்.

சாயங்காலம் வீடு திரும்பிய இடுப்புக்கு அடிவாரத்தில் வைத்தியம் இல்லாமல் இல்லை. வேலியில் நொச்சி நிற்கிறது, வீட்டுப் பக்கம் வாதநாராயணன், தரிசில் எருக்கும் ஆமணக்கும். இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ இரண்டு கரண்டி விட்டு, உருவிய இலையைப் போட்டுப் புரட்டுவார்கள். இலை சுருண்டு, பச்சை கறுத்து, மூக்கில் ஏறும் ஒரு நெடி கிளம்பும்போது இறக்கிப் பழைய வேட்டித் துணியில் கொட்டி, இறுக முடிச்சுப் போட்டால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கிழி. ஒத்தடம் கொடுப்பவர் அதை முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். அப்புறம் குப்புறப் படுத்திருப்பவரின் இடுப்பில் தொட்டுத் தொட்டு எடுப்பார். சூடு தாங்கும் அளவுக்கு வந்ததும் அழுத்திப் பிடிப்பார். ஒரு கிழி ஆறும்போது இன்னொன்று சட்டியில் காய்ந்துகொண்டிருக்கும். கால் மணி நேரமாவது இது நடக்கும். முடிந்ததும் வெந்நீர்க் குளியல், சுடு கஞ்சி, படுக்கை. மறுநாள் காலையில் வலி குறைந்திருக்கிறது. ‘நொச்சி எடுத்துவிட்டது’ என்கிறார்கள்.

குறைந்தது நிஜம். எடுத்தது நொச்சிதானா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. அந்தக் கால் மணி நேரத்தில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள்: சூடு, ஈரம், அழுத்தம், அக்கறையுள்ள இன்னொருவரின் கை, நாள் முழுக்க மடிந்திருந்த உடம்பு நீட்டிப் படுத்தது, ராத்தூக்கம், இத்தனைக்கும் மேல் வலி தானாகவே தணிந்துவரும் இயல்பு. இத்தனை பேர் சேர்ந்து செய்த வேலையில் இலையும் ஒருவர். பேர் மட்டும் இலைக்குப் போகிறது. என் வாதம் இலை வெறும் குப்பை என்பதல்ல. யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் இலையிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும்.

முதலில் சூட்டை எடுத்துக்கொள்வோம். சூட்டு ஒத்தடத்தைப் பற்றிய மருத்துவச் சோதனைகளை காக்ரேன் அமைப்பு 2006-இல் தொகுத்துப் பார்த்தது. புதிதாகப் பிடித்த இடுப்பு வலியில் தொடர்ச்சியான மிதமான சூடு சில நாட்களுக்குக் கொஞ்சம் நிவாரணம் தருகிறது, கூடவே உடற்பயிற்சியும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல் என்பது அதன் முடிவு. அந்தச் சோதனைகளில் நொச்சியும் இல்லை, வாதநாராயணனும் இல்லை. பெரும்பாலும் இடுப்பைச் சுற்றிக் கட்டும் சூட்டுப் பட்டைதான். இலையே இல்லாமல் சூடு மட்டும் தன் பங்கைச் செய்துகாட்டிவிட்டது. எப்படிச் செய்கிறது என்பதும் இப்போது ஓரளவு தெரியும். தோலுக்குள் முடியும் நரம்பு நுனிகளில் சூட்டை உணர்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் தொட்டதும் அது திறந்துகொண்டு மூளைக்குச் சேதி அனுப்பும். டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 1997-இல் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது சூட்டைத் தேடிப் போய் அல்ல, மிளகாயைத் தேடிப் போய். மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் எந்தக் கதவைத் தட்டுகிறதோ அதே கதவைத்தான் சூடும் தட்டுகிறது. நாக்கில் காரம் ‘எரிகிறது’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல் நரம்பியல்படி அப்படியே சரி. அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏலக்காய் ஸ்டோரில் பச்சைக் காயை உலர்த்தும் சூடு சுமார் 45 முதல் 50 டிகிரி. இடுப்பில் வைக்கும் கிழியும் அந்த 43 டிகிரி வாசலைச் சுற்றித்தான் நிற்கிறது. இதோடு அழுத்தமும் தடவலும் சேர்கின்றன. தொடு உணர்ச்சியைச் சுமக்கும் தடித்த நரம்பு இழைகள் தண்டுவடத்தில் வலிச் சேதியை ஓரளவு மறித்துவிடுகின்றன என்று மெல்ஸாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்த கருத்து பிற்பாடு பல திருத்தங்களைக் கண்டாலும் அதன் சாரம் நிலைத்திருக்கிறது. இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துக்கொள்ளும் குழந்தைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, மூலிகை என்ற அளவில் தேறுவது எது? 2014-இல் காக்ரேன் இன்னொரு தொகுப்பை வெளியிட்டது: இடுப்பு வலிக்கான மூலிகை மருந்துகள், 14 சோதனைகள், 2050 பேர். அதில் ஓரளவு தெம்பான சான்றோடு நின்றது தோலில் ஒட்டும் மிளகாய்ப் பட்டி. இடுக்கி வீட்டுக் கொல்லைகளில் காந்தாரி என்று வளர்கிறதே, அந்த இனத்து மிளகாய்தான். மேலே சொன்ன கதவை அது விடாமல் தட்டித் தட்டி, கடைசியில் நரம்பு நுனி சலித்துப்போய்ப் பேசாமலிருந்துவிடுகிறது. அடுத்த வரிசையில் ஆப்பிரிக்காவின் டெவில்ஸ் க்ளா கிழங்கும், ஆஸ்பிரினின் பூர்வீகமான வில்லோ மரப்பட்டையும் வந்தன. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டி இந்தப் பட்டியலை இன்னும் கழித்துக் கட்டியது: மிளகாய்க்கு மட்டும் தயங்கித் தயங்கி ஒரு தலையசைப்பு, மற்ற இரண்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. காந்தாரியை அரைத்து இடுப்பில் பூசிக்கொள்ள இது அனுமதிச் சீட்டு அல்ல. சோதனையில் இருந்தது அளந்து செய்த பட்டி, அம்மியில் அரைத்த விழுது தோலைப் புண்ணாக்கிவிடும். யூகலிப்டஸ் தைலம் சில்லென்று இருப்பதும் நரம்பு வித்தைதான். அதிலுள்ள சினியோல் குளிர்ச்சியை உணரும் வேறொரு கதவைத் தட்டுகிறது. ஏலக்காய் எண்ணெயிலும் அதே சினியோல் தாராளமாக உண்டு. கிலோ விற்கும் விலையில் அதை இடுப்பில் தேய்த்துக்கொள்ளும் வசதி அதைப் பறிப்பவர்களுக்குக் கிடையாது என்பது வேறு விஷயம்.

இனி யாருமே பேர் கொடுக்காத வைத்தியர்: நாள். ஆஸ்திரேலியாவில் 1,652 பேரை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஒரு சோதனையில், புதிதாக இடுப்பு பிடித்துக்கொண்டவர்களில் இரண்டு பகுதியினருக்குப் பாராசிட்டமால் கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு அதே மாதிரி தோன்றும் வெறும் மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்கள் குணமாகச் சுமார் 17 நாள், வெறும் மாத்திரைக்காரர்கள் சுமார் 16 நாள். மருத்துவ உலகம் பல காலமாக முதல் மருந்தென்று எழுதிக்கொடுத்தது நாளின் வேகத்தை ஒரு நாள்கூடக் கூட்டவில்லை. இதை வைத்து ஆங்கில மருத்துவத்தைச் சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதே தராசில்தான் இலையும் ஏற வேண்டியிருக்கிறது. வலி எப்போதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை, ஏறி இறங்கும். தாங்க முடியாமல் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மனிதர் வைத்தியம் தேடுவார். உச்சியில் நிற்பவருக்கு அடுத்து இறக்கம்தான். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ, நொச்சியோ, மெடிக்கலில் வாங்கிய செட் மாத்திரையோ, இரட்டைப் பிள்ளை பெற்றவர் சுளுக்கு வழித்ததோ, அதற்குப் பேர் வந்துவிடும். பழியும் இப்படியே இடம் மாறி விழும். ‘குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து வலி’ என்று சொல்லாத ஊர் இல்லை; அந்த ஊசிக்கும் வருடக்கணக்கான இடுப்பு வலிக்கும் தொடர்பு தேடிய ஆய்வுகள் அப்படி ஒன்றைக் காணவில்லை. ஊசி போட்ட வயதும் பிள்ளையைத் தூக்கிய வயதும் வேலைக்குப் போன வயதும் ஒன்றாக இருந்ததுதான் சங்கதி.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது பரம்பரை அனுபவம். யூகி முனிவர் பெயரில் வழங்கும் நூல் வாத நோய்களையே 80 வகையாகப் பிரிக்கிறது. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர்கள் பயனில்லாததையா காலகாலமாகக் கைமாற்றிவிட்டுப் போவார்கள்? பயனில்லாததை இல்லை என்பதே என் பதிலும். ஒத்தடம் பயன் தருகிறது. ஆனால் அனுபவம் முழுக் கிழியைத்தான் சோதித்திருக்கிறது, இலையைத் தனியாக அல்ல. வெறும் தவிட்டையோ மணலையோ உப்பையோ வறுத்துக் கட்டிய கிழியும் இதே மண்ணின் வைத்தியம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. முன்னோரே இலை இல்லாத சோதனையைச் செய்து வைத்துவிட்டார்கள், நாம்தான் முடிவைப் படிக்கவில்லை. அடுத்த மறுப்பு ஆய்வகத்திலிருந்து வருகிறது. நொச்சி இலைச் சாறு எலிகளின் வீக்கத்தையும் வலியையும் குறைத்தது என்று இலங்கை ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டார்கள். முடக்கத்தானுக்கும் இப்படி எலிச் சான்றுகள் உண்டு. நல்ல ஆய்வுதான். ஆனால் அங்கே எலி சாற்றைக் குடித்தது. இங்கே மனிதர் கிழியை வெளியே வைத்துக்கொள்கிறார். தடித்த தோலையும் கொழுப்பையும் தாண்டி, இடுப்பின் ஆழத்துத் தசைக்கும் எலும்பிணைப்புக்கும் அந்தப் பொருள் போதிய அளவில் கால் மணி நேரத்தில் போய்ச் சேர்கிறதா என்பது தனிக் கேள்வி. எலிக்குக் கிடைத்த விடையை அதற்கு வைத்துக்கொள்ள முடியாது.

சித்த மருத்துவர்கள் சொல்லும் மறுப்பு வேறு மாதிரி. தொக்கணம் என்னும் பிடித்துவிடல், பத்தியம், உள்மருந்து, புறமருந்து எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை, ஒரு இலையைப் பிய்த்தெடுத்துச் சோதிப்பது எங்கள் முறைக்கே பொருந்தாது என்கிறார்கள். பாதி ஒப்புக்கொள்ளலாம். அப்படியானால் சிகிச்சையை முழுசாகவே வைத்து, இன்னொரு முழுச் சிகிச்சையோடு ஒப்பிடலாம். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கும் மாநிலத்தில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. கடைசி மறுப்பு சாதாரண மனிதருடையது, எனக்கு மிகவும் பிடித்ததும்: ‘எதனால் போனால் என்ன, வலி போகிறதல்லவா?’ போகிறதுதான். லிஸ்பனில் 2016-இல் வெளியான ஒரு சோதனையில், ‘இதில் மருந்தே கிடையாது’ என்று வாய்விட்டுச் சொல்லியே நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களுக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்கள் வலி சுமார் 30 சதவீதம் தணிந்தது, மாத்திரை இல்லாதவர்களுக்கு 9 சதவீதம்தான். கவனிப்பும் சடங்கும் எதிர்பார்ப்பும் வலியைக் குறைப்பவைதான். அவற்றைப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை.

ஆனாலும் எதனால் என்ற கேள்வியை விட முடியாததற்குக் காரணம் உண்டு. இலைதான் வேலை செய்கிறது என்று நம்பினால், வலி போகாதபோது இலையைக் கூட்டத் தோன்றும்: இன்னும் சூடு, இன்னும் எருக்கம் பால், இன்னொரு சூரணம். 49 டிகிரி சூடு தோலில் பத்து நிமிடம் போல நிலைத்து நின்றாலே தோல் வெந்துவிடும், 60 டிகிரிக்கு ஐந்து விநாடி போதும் என்று மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1947-இலேயே அளந்து சொன்னார்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்துப்போன தோல் ‘போதும்’ என்று சொல்லாது. அதனால்தான் புறங்கையில் வைத்துப் பார்க்கும் அந்தச் சிறு பழக்கம் மொத்த வைத்தியத்திலும் மிகுந்த அறிவியல் உள்ள பகுதி என்பேன். கை கொடுப்பவருடையதாக இருக்க வேண்டும். எருக்கம் பால் கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும். இவற்றைவிட மோசமானது, ‘மூலிகை’ என்று முகவரியில்லாமல் பொட்டலத்தில் வரும் வலிச் சூரணங்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பல நாட்டு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஒரே நாளில் வலி மாயமாகிப் பசி கூடி, மாதம் போனால் முகம் உப்பினால் சந்தேகப்பட வேண்டும். இன்னும் சில வலிகள் ஒத்தடத்துக்கே உரியவை அல்ல: காலில் பலம் குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போதல், உட்காரும் இடம் மரத்துப்போதல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சாயங்காலக் காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்த முதுகு வலியில் முதுகெலும்புக் காசநோய் ஒளிந்திருக்கலாம். நம் நாட்டில் அது அபூர்வம் அல்ல.

இலைக்குப் போகும் பேர் இன்னொன்றையும் மறைக்கிறது: வலி எங்கே உண்டாகிறது என்பதை. ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் இடுப்பில், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுக்குள் அழுத்தமானியையே செருகி அளந்த கணக்கு 1999-இல் வெளியானது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், குனிந்து நிற்கும்போது 1.1, மல்லாந்து படுத்தால் 0.1. முழுக்க மடிந்து குனிந்தால் முதுகுத் தசைகள் தங்கள் வேலையை விட்டுவிடும், பாரம் முழுவதும் எலும்புகளைக் கட்டும் பந்தகங்களின் மேல் தொங்கும். அப்படி நெடுநேரம் தொங்கிய பந்தகம் பழைய ரப்பர் மாதிரி தொய்ந்து, நிமிர்ந்த உடனே இறுகிவிடாது. இதற்கு முன்னால் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிய ஜீப் பயணம் வேறு. வண்டி அதிர்வும் இடுப்பு வலிக்கு ஒரு காரணம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. காயெடுப்பில் குனிவதைத் தவிர்க்க வழியில்லை, செடியின் அமைப்பு அப்படி. நடுநடுவே நிமிர்ந்து பின்னால் வளைவதும், சாக்கைப் பாதிப் பாதியாகத் தூக்குவதும் கங்காணி கண்டுகொள்ளாமல் விட்டால் நடக்கும். நடைப்பயிற்சியை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான சோதனையில், திட்டமிட்டு நடந்தவர்களுக்கு வலி திரும்பி வரச் சுமார் 208 நாள், நடக்காதவர்களுக்கு 112 நாள். மேசை வேலைக்காரருக்கு அது நொச்சியைவிட நல்ல இயற்கை வைத்தியம். தினமும் மலைச்சரிவு ஏறி இறங்குபவரிடம் போய் நடக்கச் சொல்வது வேடிக்கை. நிமிர்ந்தபடி, பாரமில்லாமல், தன் வேகத்தில் நடப்பதுதான் அந்தச் சோதனை, அதற்கு அவருக்கு நேரமே மிஞ்சுவதில்லை.

மாற்றக்கூடியது காயெடுப்புக்கும் முன்னால், வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ராத்திரி படுத்திருக்கும்போது வட்டுகள் தண்ணீர் உறிஞ்சி ஊதுகின்றன. எழுந்திருக்கும்போது நாம் ஒன்றரை சென்டிமீட்டர் போல உயரமாக இருப்போம், அதில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். ஊதிய வட்டு மடிவதை விரும்பாது; காலையில் குனியும்போது வட்டின் மேல் விழும் வளைவு அழுத்தம் பிற்பகலைவிடப் பல மடங்கு என்று 1987-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனியாமலிருக்கச் சொன்ன ஒரு சிறு சோதனை, 1998-இல், நாள்பட்ட வலி குறைந்ததாகவும் கண்டது. மலைக்குப் போகும் பெண்ணின் முதல் மணி நேரம் என்ன? நாலு மணிக்கு எழுந்து, முழ நீள விளக்குமாற்றால் வாசல் கூட்டுவது, தெளிப்பது, குனிந்து கோலம் போடுவது, குடத்தைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் ஏற்றுவது. கலிஃபோர்னியாவின் கீரைத் தோட்டங்களில் இதே மாதிரி ஒரு குட்டைக் கைப்பிடிக் களைக்கொத்து இருந்தது. நீளக் கைப்பிடி வைத்தால் பயிர் கெடும் என்று தோட்டக்காரர்கள் சாதித்தார்கள், மருத்துவர்கள் தொழிலாளரின் முதுகைக் காட்டினார்கள், 1975-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு அந்தக் கருவியே ஒழிந்தது. கீரை கெட்டுவிடவில்லை. நம் விளக்குமாற்றுக்கு நீதிமன்றம் தேவையில்லை. போடியில் எந்தப் பாத்திரக் கடையிலும் நீளக் கம்பு வைத்த விளக்குமாறு தொங்குகிறது. பெரும்பாலும் அதை வாங்கிப்போவது சிமெண்ட் தரையும் டைல்ஸும் போட்ட வீட்டுக்காரர்கள், ஒட்டடை அடிக்க.